கரைக்கு ஒரே சொல்

எங்கள் கரையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் இறங்காது. செத்தவர் சொந்தமா பகையா என்று பார்ப்பதில்லை. வலை ஏற்றி, எஞ்சின் பூட்டி, காலை நனைத்துவிட்டவன்கூடக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வருவான். ஒரு வீடு போக முடியாது என்றால் கரை போகாது. மீறித் தனியே போனவனின் மீனை ஒருவரும் தொடமாட்டார்கள். அவன் மீனோடு மணலில் நிற்பான், சனம் அவனைக் கடந்து போகும். அப்படி நின்ற ஒருவனை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். பிறகு ஒருவரும் அந்த வேலை பார்க்கவில்லை.

அந்தக் கரையில் நான் பதினொரு வருடம் மூப்பராக இருந்தேன். சுவாமியார் ஞாயிறு பூசைக்கு மட்டும் வருவார். மற்ற நாட்களில் கோயில் மணி அடிப்பது, செபமாலை தொடங்குவது, சாவீட்டில் பாட்டுப் படிப்பது, கரையில் சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் மூப்பரின் வேலை. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் சனம் என் சொல்லைக் கேட்டது. கேட்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் மனைவிக்கு நோய், எங்கள் பேச்சில் வருத்தம், தொடங்கியது, நாடு முழுவதும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில். எண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் கிடந்தன. நானும் வீட்டில்தான் கிடந்தேன். இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. மாதவிலக்கு நிற்கப்போகிற காலம், அதுதான் இரத்தம் இப்படி வருவதும் போவதுமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தோடு அவளும் நடந்தாள். முதுகு நோவும் சேர்ந்திருந்ததாம், அதோடு அவ்வளவு தூரம் எப்படி நடந்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க உட்கார்ந்தவள் எழும்பவில்லை. தண்ணீரோடு இரத்தம் ஓடியது. அப்போதுதான் சொன்னாள்.

மன்னாரில் பார்த்து, யாழ்ப்பாணப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு டொக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா. கருப்பையின் கழுத்தில் புற்று. பரவிவிட்டது.

“இது ஒரு வைரசாலை வாறது. ஆம்பிளையும் பொம்பிளையும் சேர்றதாலை தொத்துறது. கனபேருக்கு வந்து தன்பாட்டில போயிடும். சிலருக்குப் போகாமல் உள்ளுக்கை இருந்து, பத்துப் பதினைஞ்சு வருசம் கழிச்சு இப்பிடிக் காட்டும். ஆரிட்டயிருந்து வந்தது எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லக்கூடாது. விளங்குதோ?”

“ஓம் டொக்டர்” என்றேன் நான்.

பூநகரிப் பாதையால் பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவள் யன்னல் பக்கம் இருந்தாள். அவ்வளவு வழியும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். “பிள்ளைக்கு மத்தியானம் ஆர் சோறு குடுத்திருப்பினம்?”

நான் கலியாணத்துக்கு முன்னர் மூன்று வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவன். அங்கே நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கதையே பொய். கூட இருந்தவர்கள் போன இடங்களுக்கெல்லாம் நானும் போனேன். ஊருக்கு வந்து, கலியாணத்துக்கு முதல் கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். அழுதழுது சொன்னேன். அத்தோடு முடிந்தது என்று நம்பினேன். பாவம் மன்னிக்கப்பட்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன். கிருமிக்கு அது தெரியாதே.

கரைக்கு நாங்கள் சொன்னது, வயிற்றில் ஒரு கட்டி என்று. சனம் நம்பியது. மீன் கொண்டுவந்து தந்தார்கள், முட்டை கொண்டுவந்து தந்தார்கள். கோயிலில் அவளுக்காக நவநாள் செபம் வைத்தார்கள். அந்தச் செபத்தைத் தொடங்கி வைத்தவன் நான்தான்.

என் மனைவி கரையில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பவள். முதல் நன்மைக்கு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தம் செய்வது அவள்தான். எங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், அந்த வகுப்பில் எங்கள் கரைப் பெண்பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் அவளிடம் நன்மைக்குப் படித்தவர்கள். அதில் ஒருத்தி எங்கள் மகள். இன்னொருத்தி என் மனைவியின் ஒரே தம்பியின் மகள்.

அந்த வருடம் நடுவில் ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்தால் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடப்போகிறார்கள், பெற்றோர் கையெழுத்து வைக்கவேண்டும், அதைப் பற்றிக் கதைக்க ஒரு கூட்டம். மனைவி அப்போது கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

“இதுதானே எனக்கு வந்தது?”

“ஓம்.”

“இதுக்கு ஊசி இருக்காமே.”

“இப்பதான் வந்ததாக்கும். எங்கட காலத்தில இல்லை.”

அவள் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். “கூட்டத்துக்கு நீங்கள் போங்கோ. போய்ச் சொல்லுங்கோ.”

“என்னத்தை?”

“என்னைத்தான். இது கட்டியில்லை, இந்தக் கடுதாசியில எழுதிக் கிடக்கிற வருத்தம்தான் எண்டு சொல்லுங்கோ. சும்மா கிளினிக் மிஸ் வந்து சொன்னா இந்தச் சனம் கேக்காது. என்னைச் சொன்னாக் கேக்கும். ஏழு பிள்ளையளும் நான் படிப்பிச்ச பிள்ளையள்.”

“சொன்னா உன்னைப் பற்றித்தான் கதைப்பினம்.”

“கதைக்கட்டும். நான் எவ்வளவு நாளைக்குக் கேட்டுக்கொண்டு கிடக்கப் போறன்?”

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கூட்டம் ஆறாம் வகுப்பு அறையில். பிள்ளைகளின் வாங்குகளில் தாய்மார் முழங்கால் இடிக்க இருந்தார்கள். தகப்பன்மார் நாலைந்து பேர் யன்னல் ஓரமாக நின்றார்கள். என் மைத்துனனும் அங்கேதான் நின்றான். எங்கள் பகுதி மருத்துவமாது, இருபத்தைந்து முப்பது வயதுப் பிள்ளை, ஒரு படத்தைப் பலகையில் ஒட்டிவிட்டு விளங்கப்படுத்தினா. நன்றாகத்தான் சொன்னா. ஆனால் தொத்துகிற விதத்தைச் சொல்லும்போது அவவுக்கே குரல் இறங்கியது. தாய்மார் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஒரு தாய் கேட்டா: “பத்து வயசுப் பிள்ளைக்கு ஏன் மிஸ் அந்த வருத்தத்துக்கு ஊசி? எங்கட பிள்ளையள் இன்னும் பாவாடையைக் கட்டத் தெரியாமல் திரியுதுகள்.”

“இப்பத்தைக்கு இல்லை அம்மா. இந்த வயசில போட்டாத்தான் பிறகு காக்கும். அம்மா ஆகி, பேரப்பிள்ளை கண்டு இருக்கிறதுக்குத்தான்.”

“பிள்ளை பெறாமல் பண்ணுற ஊசி எண்டு ஒரு கதை வந்தது போனில.”

“அப்பிடி இல்லை. நானே போட்டனான்.”

“அப்ப உங்களுக்குப் பிள்ளை எத்தினை?”

“எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை அக்கா.” எல்லாரும் சிரித்தார்கள். மருத்துவமாதும் சிரித்தா. கொஞ்சம் இறுக்கம் குறைந்தது.

ஒரு தகப்பன் சொன்னான்: “எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில குத்தேக்கை ஆர் கேட்டது? வாத்தியார் கையைப் பிடிச்சார், அவங்கள் குத்தினாங்கள், நாங்கள் கத்தினம், முடிஞ்சுது. கட்டாயம் எண்டு போட்டுட்டுப் போங்கோவன். எங்களை ஏன் கேக்கிறியள்?”

“கட்டாயம் எண்டா உன்ர பிள்ளையை அரசாங்கமோ பெத்தது?” என்றான் பக்கத்தில் நின்றவன். “கட்டாயம் எண்டா நான் பிள்ளையை அண்டைக்கு மறிச்சுப்போடுவன்.”

“கொரோனா ஊசிக்கு நீதான் முதல் ஆளாப் போய் நிண்டனி.”

“அது மூச்சுக்கு. இது வேற இடத்துக்கு.” மறுபடியும் சிரிப்பு. தாய்மார் சிரிக்கவில்லை.

முன்வாங்கில் இருந்த ஒரு தாய், கணவன் இல்லாதவ, மெதுவாகச் சொன்னா: “கட்டாயம் எண்டா எங்களுக்கு நிம்மதி மிஸ். எல்லாப் பிள்ளைக்கும் போட்டது, எங்கட பிள்ளைக்கும் போட்டது எண்டு இருப்பம். விருப்பமோ எண்டு கேட்டு எங்களைக் கையெழுத்து வைக்கச் சொன்னாத்தான் பயம். நாளைக்குப் பெண் பார்க்க வாறவன் கேக்க மாட்டானோ, ஏன் உன்ர மகளுக்கு மட்டும் அவசரமாப் போட்டனி எண்டு?”

அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். என் மனதில் இருந்ததும் அதுதான். சட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் நான் அந்தக் கூட்டத்துக்கே போகத் தேவையில்லை. ஒருவரும் ஒருவரின் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்கு அந்த அறையில் என்னைப் போல விரும்பியவன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான். ஆனால் பிள்ளைகளுக்காக இல்லை. என் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக.

யாரோ சொன்னார்கள்: “மூப்பர் ஒண்டும் கதைக்கேல்லை. மூப்பர் சொல்லட்டும்.”

நான் எழும்பினேன். மனைவி சொல்லச் சொன்ன வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. யன்னலடியில் அவளுடைய தம்பி நின்றான். நான் சொன்னது வேறு.

“நாங்கள் கடலுக்குப் போறதெண்டாலும் கரைக்கு ஒரே சொல்தான். இதுவும் அப்பிடியே இருக்கட்டும். தனிய ஒரு வீடு கையெழுத்து வைச்சு ஒரு பிள்ளைக்குப் பேர் வரக்கூடாது. ஏழு பேரும் போடுறதெண்டா ஏழு பேரும். இல்லாட்டி ஒருத்தரும் இல்லை.”

நான் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பயந்த தாய்மாருக்கு ஒரு மறைப்புக் கிடைத்துவிட்டது, இனி எல்லாரும் வைப்பார்கள், என் வீட்டுக் கதை வெளியே வரத் தேவையில்லை. முகங்களும் தெளிந்தன. கணவன் இல்லாத அந்தத் தாய் பேனையைக் கூட எடுத்துவிட்டா.

“அப்ப விருப்பமில்லாத வீடு இருந்தா இப்பவே சொல்லுங்கோ” என்றேன். மூப்பர் எழும்பிச் சொன்ன பிறகு யார் மறிக்கப்போகிறார்கள்?

என் மைத்துனன் யன்னலடியில் இருந்து கையை உயர்த்தினான்.

“குறை நினைக்காதேங்கோ அத்தான். என்ர வீட்டுக்கு வேண்டாம். அது நடத்தை கெட்ட சனத்துக்கு வாற வருத்தம். எங்கட குடும்பத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

அவனுடைய அக்கா, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. இதைவிடத் தெளிவாகக் கடவுள் ஒரு மனிதனுக்கு இடம் காட்டமாட்டார். நான் திறக்கவில்லை.

ஒரு வீடு மறித்தால் கரை போகாது. அதை அந்த அறையில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முன்வாங்குத் தாய் பேனையை மூடினா.

மருத்துவமாது பதறிப்போனா. “ஐயா, இது படகு இல்லை. அவையவை தங்கட பிள்ளைக்குத் தனித்தனியக் கையெழுத்து வைக்கலாம். ஒரு ஆள் வேண்டாம் எண்டா மற்ற ஆறு பிள்ளையளுக்கும் ஏன்…”

“இல்லை மிஸ்” என்றா ஒரு தாய். “மூப்பர் சொன்னாச் சொன்னதுதான்.”

ஏழு கடிதங்களும் கையெழுத்து இல்லாமல் மேசைக்குப் போயின. கலைந்து போகும்போது சனத்தின் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒருவரும் ஒருவரையும் விட்டுப் போகவில்லை என்ற ஆறுதல்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி தலையை உயர்த்திப் பார்த்தாள்.

“என்னவாம்?”

சொன்னேன்.

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“எப்பிடிச் சொல்லுறது?”

“வாயாலை.”

நான் கட்டில் காலடியில் இருந்தேன். அவள் மறுபடியும் கேட்டாள். “தம்பியோ மறிச்சவன்?”

“ஓம்.”

என்ன சொல்லி மறித்தான் என்பதையும் கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அடிவயிறு நோகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அவனைக் கூப்பிடுங்கோ. நான் சொல்லுறன்.”

“வேண்டாம். நீ சொன்னா அவன் என்னைக் கேப்பான்.”

அந்த வசனம் எப்படி என் வாயால் வந்தது என்று தெரியாது. பதினைந்து வருடம் அவளுக்குச் சொல்லாத விசயம் அதோடு வெளியே வந்து விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்புத்தான் இருந்தது.

“அது எனக்கு டொக்டர் கதவைச் சாத்தேக்கையே விளங்கிட்டுது” என்றாள். “நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லையே. பிள்ளையளுக்கு மட்டும்தானே கேக்கிறன்.”

பிறகு சொன்னாள்: “எங்கட பிள்ளைக்காவது போடுங்கோ.”

“கரைக்கு ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு, நானே என்ர பிள்ளையை எப்பிடித் தனியக் கூட்டிக்கொண்டு போறது?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமைகளில் அந்த ஏழு பிள்ளைகளும் அவளுடைய கட்டிலைச் சுற்றி இருந்து செபமாலை சொல்ல வருவார்கள். ஒரு சனிக்கிழமை, செபம் முடிந்ததும் அவள் என்னைப் பார்த்து, “கொஞ்சம் வெளியில இருங்கோ, பிள்ளையளோட ஒரு கதை கதைக்கவேணும்” என்றாள். என்ன கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “நானும் இருக்கிறன், என்ன இப்ப” என்று கதிரையை விட்டு எழும்பவில்லை. பிள்ளைகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டாள். தம்பியின் மகளுடைய கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட மகளிடம்தான் கேட்பாள்.

தவக்காலம் தொடங்க முதல் போய்விட்டாள். சுவாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். கரையில் ஒரு படகும் இறங்கவில்லை. சொந்த மனைவிக்கு நானே பாட்டுப் படிக்க முடியாது என்று பக்கத்துக் கோயில் மூப்பரைக் கூப்பிட்டார்கள். நான் மகளைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. அந்த ஏழு வீட்டுத் தாய்மாரும் வந்திருந்தார்கள். மருத்துவமாது முந்தின நாள் தெருவில் என்னைக் கண்டு, விட்டுப்போன பிள்ளைகளுக்கு இன்னும் போடலாம், கிளினிக்குக்குக் கூட்டிவாங்கோ என்று சொல்லியிருந்தா. இன்றைக்காவது சொல்ல வேண்டும் என்று நான் காலையிலேயே நினைத்துக்கொண்டேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு. கை கழுவிவிட்டு வந்து முற்றத்து நடுவில் நின்றேன்.

“ஒரு விசயம் சொல்லவேணும். என்ர மனுசிக்கு வந்தது கட்டி இல்லை. அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில மிஸ் சொன்ன வருத்தம்தான். அந்த ஊசி அதுக்குத்தான். பிள்ளையளுக்குப் போடுங்கோ. நான் அண்டைக்குச் சொன்னது பிழை.”

பிறகு ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “நன்மைக்குப் படிப்பிச்சவவுக்கோ?” மற்றவள் உள்ளே எரிகிற விளக்கையும் என் மனைவியின் படத்தையும் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. அவள் உயிரோடு இருந்து, தன் வாயால் சொல்லியிருந்தால் அவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்திருப்பார்கள். அழுதிருப்பார்கள். கையெழுத்து வைத்திருப்பார்கள். இப்போது முகம் இல்லை. வருத்தத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.

என் மைத்துனன் இலையை விட்டு எழும்பி வந்தான். அவன் என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

“செத்தவளுக்குத் திருப்பிக் கதைக்க வாயில்லை எண்டோ இப்ப சொல்லுறாய்?”

அவனைக் கையில் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். வலை காயப்போடுகிற கம்படியில் நின்று சொன்னேன். வெளிநாடு, அந்த மூன்று வருடம், எல்லாம். “அவளிலை ஒரு பிழையும் இல்லை. கொண்டுவந்தது நான்தான்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அப்ப ஏன் அங்க அவளின்ர பேரைச் சொன்னனி? உன்ர பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றான். வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டான். “அத்தினை சனத்துக்கு முன்னாலை உன்ர பேரைச் சொல்லியிருக்கலாமே.”

“இப்ப வந்து சொல்லுறன்” என்றேன். முன்னுக்கு வந்தேன். சனம் எழும்பிப் போய்விட்டது. பாதி சாப்பிட்ட இலைகள் கிடந்தன. மகள் ஒருத்திதான் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். டொக்டர் அம்மா ஆரிடமிருந்து என்று சொல்ல முடியாது என்றா, ஆனால் எனக்குத் தெரியும், நான்தான் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பதினொரு வருடம் மணி அடித்தவன், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருசந்தி நோன்பு பிடிப்பவன். “பாவம் மூப்பர், மனுசியின்ர பேரைக் காப்பாத்தத் தன்னிலை போடுறார்” என்றார்கள். இப்படியொரு புருசன் கிடைக்க அவள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு தாய் சொன்னா. நான் அந்த வீட்டு வாசலில் நின்று, நான் கெட்டவன், கெட்டவன் என்று சொல்கிறேன், அவ எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாறா.

மூப்பர் வேலை வேண்டாம் என்று கோயில் கதவுத் திறப்பைச் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அவரிடமும் எல்லாம் சொன்னேன். அவர் நல்லவர். ஊசி போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை என்று பூசையில் ஒரு வார்த்தை சொன்னார். சனம் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் போனது.

அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கு வேறு பிள்ளைகள் வந்தார்கள். மருத்துவமாது மறுபடியும் கடிதம் கொடுத்தா. அந்த முறை கூட்டம் வைக்கவும் ஆள் வரவில்லை. முந்தின வருடம் அந்த ஊசிக்கு எங்கள் கரையில் பெயர் இல்லை. இப்போது இருக்கிறது. மூப்பரின்ர மனுசியின்ர ஊசி. “அதை ஏன் என்ர பிள்ளைக்கு?” என்று தாய்மார் கேட்கிறார்களாம். மருத்துவமாது இதை எனக்குச் சொல்லும்போது அழுதா. பெருநிலத்து வயல் ஊர்களிலும், முசலிப் பக்கத்திலும் ஒரு சத்தமும் இல்லாமல் போட்டு முடித்துவிட்டார்களாம். எங்கள் கரையில் மட்டும் முடியவில்லை. “அவ உயிரோட இருக்கேக்கை எனக்காவது சொல்லியிருக்கலாமே ஐயா” என்றா.

கட்டாயம் என்று சட்டம் வரவேண்டுமா வேண்டாமா என்று இப்போதும் சில பேர் போனில் எழுதிச் சண்டை பிடிக்கிறார்கள். மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளை பெற்றவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். எனக்கு அந்த உரிமை இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் போட்டிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக் குத்தியிருப்பார்கள். என் மனைவி சொல்ல வந்ததை அப்போதும் நான் சொல்ல விட்டிருக்கமாட்டேன்.

மகளை ஒருநாள் மன்னார்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடிதத்தில் கையெழுத்து வைத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவள் வருகிறேன் என்றுதான் வந்தாள். உள்ளே போய் மருத்துவமாது சட்டைக் கையை மடிக்கச் சொன்னதும் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

“என்னம்மா, நுளம்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்.”

“எனக்குத் தேவையில்லை மிஸ்.”

“ஏன்?”

“கலியாணம் கட்டினாத்தானே அது வரும்? நான் கட்டமாட்டன்.”

மருத்துவமாது என்னைப் பார்த்தா. “பிள்ளை, அம்மா உங்களுக்குப் போடவேணும் எண்டு விரும்பினவ” என்றேன்.

“அம்மா கன விசயம் விரும்பினவ” என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. என் கையெழுத்து இருந்தது. பிடித்துப் போட்டிருக்கலாம். மருத்துவமாது ஊசியை வைத்துவிட்டு, “இப்பிடி வேண்டாம் ஐயா. மனம் ஆறினாப் பிறகு கூட்டிவாங்கோ” என்றா.

அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டுவிட்டேன். அவளுக்கு என்னோடு கோபமில்லை. சமைக்கிறாள், படிக்கிறாள், ஞாயிறு என்னோடு பூசைக்கு வருகிறாள். இதை மட்டும் கேட்டால் கேட்காதவள் போல இருப்பாள். அவளுடைய மாமன் எங்கள் வீட்டுப் படலையைக் கடந்து போவான், உள்ளே பார்க்கமாட்டான். அவனுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பில் வேறு வேறு வாங்கில் இருக்கிறார்கள்.

போன கிழமை மருத்துவமாது போன் எடுத்தா. அவவுக்கு வேறு இடத்துக்கு மாற்றமாம். புதிதாக வருகிறவவுக்கு எங்கள் கரைக் கதை தெரியாது, வயதும் கடந்துகொண்டு போகிறது, போக முதல் ஒருமுறை கூட்டிவரப் பார்க்கச் சொன்னா. பார்க்கிறேன் என்றேன்.

மகள் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்வாசலில் நின்று சொன்னேன். “மிஸ் போன் எடுத்தவ. மாறிப் போறாவாம்.”

“ஓம்” என்றாள். தலையை உயர்த்தவில்லை.

நான் அங்கேயே நின்றேன். அவள் இரண்டு மீனைச் செதில் போக்கி, வயிற்றைக் கீறிக் கழுவிச் சட்டியில் போட்டாள். மூன்றாவதை எடுத்துவிட்டு, நான் இன்னும் நிற்பதைக் கண்டு, கத்தியை என் பக்கம் நீட்டினாள்.

“மொட்டையாக் கிடக்கு அப்பா. தீட்டித் தாங்கோ.”

வாங்கிக்கொண்டு போய்க் கல்லில் தீட்டத் தொடங்கினேன்.